முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி போன் அப்டேட் ஆன கதை

நான் மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லி, பிச்சி, சம்பங்கி எடுத்து கோயம்புத்தூர், திருப்பூர் பக்கம் மேடை அலங்காரம் செய்கிறவர்களுக்கு பஸ்ஸில் பார்சல் போடுகிறவன். கடை, போர்டு எதுவும் கிடையாது, போன்தான் எல்லாம். ஆர்டர் வாட்ஸ்அப்பில் வரும், அன்றைய விலை மார்க்கெட் குரூப்பில் வரும், பணம் வருவதும் போவதும் யுபிஐ. சித்திரையில் பழைய போன் சார்ஜ் நிற்காமல் மக்கர் பண்ண ஆரம்பித்ததும் டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில் 26,500 ரூபாய் கொடுத்துப் புதுசு வாங்கினேன். வைகாசியில் ஒரு நாள் அந்தப் புதுப் போன் என்னை மார்க்கெட் நடுவில் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வைத்தது, அதைத்தான் எழுதுகிறேன். போன் வாங்குவதற்கு முன்னால் எந்த கேமரா நல்லது, எவ்வளவு ரேம் வேண்டும் என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். வாங்கிய பிறகு முதல் அப்டேட் வந்து நிற்கும்போது என்ன செய்வது என்று சொல்ல ஆளில்லை, சொல்கிற ரெண்டு பேரும் எதிரும் புதிருமாகச் சொல்கிறார்கள்.

எனக்கு அந்த ரெண்டு பேரில் முதல் ஆள் கடைப் பையன். டப்பாவில் வந்தது ஆண்ட்ராய்டு 14. சிம் போட்ட உடனேயே 15 வந்திருக்கிறது, இறக்கிக்கொள் என்று போன் கேட்டது. "அண்ணே, சின்னச் சின்ன அப்டேட்டெல்லாம் போடுங்க, பெரிய வெர்ஷன் மட்டும் போட்ராதீங்க, பச்சைக் கோடு விழுந்துரும்" என்று சொல்லிவிட்டு, கல்லாவுக்குக் கீழே சர்வீசுக்கு வந்து கிடந்த ஒரு போனை எடுத்துக் காட்டினான். மேலிருந்து கீழ் வரை பச்சையாக ஒரு கோடு. போட்டோவைத் திறந்தாலும் கோடு, டயல் செய்தாலும் நம்பர்களுக்கு நடுவில் கோடு. வீட்டுக்கு வந்து அக்கா மகனிடம் கேட்டேன், காலேஜில் கம்ப்யூட்டர் படிக்கிறவன். "மாமா, அப்டேட் போடாத போன்ல பேங்க் ஆப் வச்சிருக்கிறது, வீட்டைத் திறந்து போட்டுட்டு ஊருக்குப் போற மாதிரி. இன்னைக்கே போடுங்க" என்றான். நான் ரெண்டு பேரையும் நம்புகிறவன், அதுதான் சிக்கல்.

இதில் ரெண்டு பேர் சொன்னதிலும் விஷயம் இருக்கிறது என்பது பிறகு விசாரித்தபோதுதான் தெரிந்தது. மருமகன் சொன்ன கணக்கு இது: 2015-இல் ஸ்டேஜ்ஃபிரைட் என்று ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள், மெசேஜில் ஒரு வீடியோவை அனுப்பியே ஆண்ட்ராய்டு போனுக்குள் நுழைந்துவிடலாம் என்கிற அளவுக்கு மோசமான ஓட்டை. அந்த வருஷம் ஆகஸ்டிலிருந்துதான் கூகுள் மாதாமாதம் செக்யூரிட்டி திருத்தம் விடத் தொடங்கியது. இன்னொன்று எங்கள் தொழிலுக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் ஏபிகே ஃபைல் (பிளே ஸ்டோர் இல்லாமல் நேராக ஆப்பை ஏற்றுகிற ஃபைல்) அனுப்பி, அதைத் திறந்தவர்களின் கணக்கிலிருந்து பணத்தை உருவுகிறார்கள் என்று போலீசே எச்சரித்திருக்கிறது. எனக்கு ஒரு நாளைக்கு எத்தனை பத்திரிகை வாட்ஸ்அப்பில் வரும் என்று நினைக்கிறீர்கள்? தேதி பார்க்க, மண்டபம் பார்க்க எல்லாவற்றையும் திறப்பேன். ஆண்ட்ராய்டு 13-லிருந்து இப்படி வெளியிலிருந்து வந்து உட்காரும் ஆப்புக்கு, திரையைப் படிக்கும் அனுமதியை லேசில் கொடுக்க விடாதபடி ஒரு தடுப்பு வைத்திருக்கிறார்கள், அதற்கப்புறம் அதை மேலும் இறுக்கியிருக்கிறார்கள். அதனால் காலத்துக்கும் அப்டேட் போடாமல் இருப்பது என் மாதிரி ஆளுக்கு ஆகாது.

கடைப் பையன் பக்கமும் நியாயம் உண்டு. 2017 டிசம்பரில் ஆப்பிளே ஒத்துக்கொண்டது, பழைய ஐபோன்களில் பேட்டரி தேய்ந்திருந்தால் அப்டேட் மூலமாக வேகத்தைக் குறைத்திருக்கிறோம் என்று. அமெரிக்காவில் வழக்காகி, 50 கோடி டாலர் வரை கொடுக்கச் சம்மதித்தார்கள். 2025 ஜனவரியில் கூகுள் தன்னுடைய பிக்சல் 4ஏ போன்களுக்குத் தானாகவே ஒரு அப்டேட்டை அனுப்பி, சில போன்களில் பேட்டரி எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்பதையே குறைத்தது, அதற்கு ஈடாக பேட்டரியை இலவசமாக மாற்றித் தருவதாகவும் இல்லையென்றால் பணம் தருவதாகவும் சொன்னது. பச்சைக் கோடு விஷயத்தில் மட்டும் எனக்குக் கொஞ்சம் சந்தேகம். அது ஸ்கிரீனுக்குள் வரும் ஹார்டுவேர் கோளாறு. அப்டேட் ஓடும்போது போன் நெடுநேரம் சூடாக இருப்பதால் ஏற்கெனவே நொந்து போயிருந்த ஸ்கிரீன் அப்போது கையை விரித்துவிடுகிறது என்கிறார்கள் சர்வீஸ்காரர்கள். சில கம்பெனிகள் சில மாடல்களுக்கு இதற்காக இலவசமாக ஸ்கிரீன் மாற்றிக் கொடுத்திருக்கின்றன, யாருக்காவது கோடு விழுந்திருந்தால் காசு கொடுப்பதற்கு முன்னால் அதை முதலில் விசாரியுங்கள்.

சரி, நான் என்ன செய்தேன் என்றால், வைகாசி முகூர்த்தமெல்லாம் முடியட்டும், ஆடியில் போட்டுக்கொள்ளலாம் என்று முடிவு பண்ணி, அந்த அறிவிப்பு வரும்போதெல்லாம் 'பிறகு' என்பதை அமுக்கிக்கொண்டே வந்தேன். அந்தப் பட்டனுக்குக் கீழே எறும்பு எழுத்தில் ஒரு வரி இருந்தது: போன் சார்ஜில் இருந்தால் இரவு 2 மணிக்கும் 5 மணிக்கும் இடையில் தானாக நிறுவப்படும். ஊர் உலகத்துக்கு அது நடுராத்திரி. பூக்காரனுக்கு அதுதான் பட்டப்பகல். இந்தப் போனைச் செய்தவர்கள் ஒருத்தரும் ராத்திரி மூன்று மணிக்கு ஒரு மார்க்கெட்டில் கால் வைத்ததில்லை என்று மட்டும் தெரிகிறது. பால்காரர், பேப்பர் போடுகிறவர், நைட் டூட்டி நர்ஸ், மீன் ஏலத்துக்குப் போகிறவர் என்று யாராக இருந்தாலும் இந்த ஒரு செட்டிங்கை இன்றைக்கே பார்த்துவிடுங்கள். சாஃப்ட்வேர் அப்டேட் பக்கத்தில் மூலையில் சக்கரமோ மூன்று புள்ளியோ இருக்கும், அதற்குள் தானாக இறக்குவது, இரவில் தானாக நிறுவுவது என்று தனித்தனியாக இருக்கும், ரெண்டையும் அணைக்க வேண்டும். சில போன்களில் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் என்கிற மறைவான செட்டிங் பக்கத்துக்கு உள்ளேயும் இதே மாதிரி இன்னொன்று ஒளிந்திருக்கிறது.

அன்றைக்கு மறுநாள் பெரிய முகூர்த்தம். கோயம்புத்தூரில் ஒரு மண்டபத்துக்கு 35 கிலோ மல்லி, அதுபோக சம்பங்கியும் பிச்சியும். சாயங்காலம் ரிசப்ஷன், அதனால் மத்தியானத்துக்குள் பூ போய்ச் சேர வேண்டும். நான் வழக்கம் போல போனை சார்ஜில் போட்டுவிட்டுப் படுத்தேன். இரண்டரை மணிக்கு எழுந்து பார்த்தால் கறுப்புத் திரையில் கம்பெனி பெயரும் கீழே ஒரு வட்டமும், அதற்குள் 31 சதவீதம் என்று. பல் தேய்த்துவிட்டு வந்து பார்த்தால் 34. நிறுத்தலாமா என்றால், பாதியில் அணைத்தால் போனே போய்விடும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அப்படியே சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஒத்தக்கடையிலிருந்து வண்டியை எடுத்தேன். நெஞ்சுக்குப் பக்கத்தில் இட்லிப் பானையின் மூடி மாதிரி சுட்டுக்கொண்டே வந்தது.

மார்க்கெட்டுக்குள் நுழையும்போது போன் எழுந்துகொண்டது போலத் தெரிந்தது. ஒரு கால் வந்தது, பெயர் இல்லை, வெறும் நம்பர். தெரியாத நம்பர் என்று விட்டுவிட்டு விலை விசாரிக்கப் போய்விட்டேன். அது கோயம்புத்தூர் அலங்காரக்காரர். பத்து வருஷமாக என் போனில் இருக்கிற நம்பர். போன் ரீஸ்டார்ட் ஆன பிறகு ஒரு தடவை பின் நம்பர் போடும் வரை உள்ளே இருக்கிற எல்லாம் பூட்டியே கிடக்குமாம், கைரேகை கூட எடுக்காது. கால் மட்டும் வரும், காண்டாக்ட் பெயர் காட்டாது, வாட்ஸ்அப் மெசேஜ் ஒன்றும் வராது. பின் போட்டுத் திறந்ததும் டொக் டொக் டொக் என்று விழுந்த மெசேஜ்களில் "மல்லி 35 வேண்டாம் 40 போடுங்ணா" என்பதும் ஒன்று.

உண்மையான கூத்து அதற்கு அப்புறம்தான். நான் வியாபாரத்துக்கு வைத்திருக்கிற பேங்க் ஆப் திறந்தது, லோகோ காட்டியது, மூடிக்கொண்டது. திரும்பத் திறந்தாலும் அதே கதை. யுபிஐ ஆப் திறந்தது, ஆனால் உங்கள் சிம்மைச் சரிபார்க்க வேண்டும் என்று எஸ்எம்எஸ் அனுப்பப் பார்த்தது, அது போகவில்லை. ரெண்டு சிம் போன். அப்டேட்டில் எஸ்எம்எஸ்ஸுக்கு எந்த சிம் என்ற செட்டிங் மாறி, பேலன்ஸ் இல்லாத சிம்மிலிருந்து போய்க்கொண்டிருந்தது என்பதெல்லாம் வெயில் வந்த பிறகு கண்டுபிடித்தது. ராத்திரி மூன்றரைக்கு, நாலு பக்கமும் சாக்கு மூட்டையும் சத்தமுமாக இருக்கும்போது அதெல்லாம் புத்திக்கு எட்டாது. உதறல்தான் எடுத்தது, கண்ணில் தண்ணீர் நின்றுவிட்டது, சொல்வதில் வெட்கமில்லை.

மல்லி கிலோ 900-க்கு ஆரம்பித்தது. எனக்குப் பழக்கமான கமிஷன் கடை அண்ணன் பத்து கிலோ கணக்கில் எழுதிக்கொண்டு கொடுத்தார், "இன்னைக்கு நிலைமை உனக்கே தெரியும்ப்பா, இதுக்கு மேல கடனுக்கு விட முடியாது" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, முகூர்த்தத்துக்கு முந்தின நாள் விவசாயிக்கு அவர் கையில் காசு வைத்தாக வேண்டும். பஸ் ஸ்டாண்ட் ஏடிஎம்முக்கு ஓடினேன், என் கார்டுக்கு ஒரு நாளைக்கு 20,000 ரூபாய்தான். அதை எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் மல்லி 1,150. அங்கே இங்கே புரட்டி மொத்தம் 30 கிலோ கூடச் சேரவில்லை. ஐஸ் போட்ட தெர்மாகோல் பெட்டியோடு ஆரப்பாளையம் போய்ச் சேர்வதற்குள் நான் வழக்கமாகப் போடும் பஸ் போய்விட்டது. மிச்சப் பூவை அவர் கோயம்புத்தூரிலேயே வாங்கிக்கொண்டார், விலை வித்தியாசத்தை என் கணக்கில் கழித்தார். கத்தவெல்லாம் இல்லை, "போனை நம்பித் தொழில் பண்ணாதீங்ணா" என்று மட்டும் சொன்னார், அது கத்தியிருந்தால் கூடத் தேவலை. எல்லாம் சேர்த்து 12,500 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே போயிற்று.

மறுநாள் பைபாஸ் ரோட்டில் இருக்கும் சர்வீஸ் சென்டருக்குப் போய், பழையபடி 14-க்கே மாற்றிக் கொடுங்கள் என்றேன். முடியாது என்றார்கள். ஏன் என்று கேட்டதற்கு டோக்கன் கொடுக்கிற பெண் சிரித்ததே தவிர பதில் இல்லை, உள்ளே இருந்து வந்த டெக்னீஷியன் தம்பிதான் புரிகிற மாதிரி சொன்னார். நிறைய போன்களில் சிப்புக்குள்ளேயே ஒரு எண் இருக்கிறது, செக்யூரிட்டி மாறும்போது அதை ஒன்று ஏற்றி வைத்துவிடுவார்கள், அதற்குக் கீழே இருக்கிற பழைய சாஃப்ட்வேரை போன் அதற்கப்புறம் ஏற்றுக்கொள்ளாது. திருடின போனில் ஓட்டையுள்ள பழைய வெர்ஷனை ஏற்றி உள்ளே நுழைந்துவிடக் கூடாதே, அதற்காக. ஐபோனிலும் இதே கதைதான், புது வெர்ஷன் வந்து கொஞ்ச நாளில் பழையதற்கு ஆப்பிள் அனுமதி கொடுப்பதை நிறுத்திவிடும். ஆக, அப்டேட் என்பது ஒருவழிப்பாதை. இதை அந்த 'பிறகு' பட்டனுக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் போடலாம்.

டவுன்ஹால் ரோட்டில் இன்னொருத்தர் 1,500 ரூபாய்க்கு ஃபிளாஷ் பண்ணி, அதாவது கம்ப்யூட்டரில் மாட்டிப் பழைய சாஃப்ட்வேரை ஏற்றித் தருகிறேன் என்றார். ஆசையாகத்தான் இருந்தது. மருமகன் போனிலேயே கத்தினான். அதற்குப் பூட்லோடரை, அதாவது வேறு சாஃப்ட்வேரை ஏற விடாமல் தடுக்கிற பூட்டைத் திறந்தால் போனில் இருக்கிற எல்லாம் அழியும், வாரண்டிக்கும் பிரச்சினை வரும், அதைவிட முக்கியம், போனின் சாஃப்ட்வேரில் கை வைத்திருக்கிறது என்று தெரிந்தால் பேங்க் ஆப்புகள் ஓட மறுக்கும். எந்த ஆப்புக்காக இவ்வளவு பாடு படுகிறோமோ அதுவே ஓடாது. சர்வீஸ் சென்டரில் ஃபேக்டரி ரீசெட் (எல்லாவற்றையும் அழித்துப் புதுப் போன் மாதிரி ஆக்குவது) பண்ணிப் பார்க்கச் சொன்னார்கள், அதையும் நான் தள்ளிப்போட்டேன், நல்லதாகப் போயிற்று. கொஞ்ச நாளில் பிளே ஸ்டோரில் அந்த பேங்க் ஆப்புக்குப் புது அப்டேட் வந்தது, போட்டேன், ஒன்றுமே நடக்காதது போலத் திறந்தது. பெரிய வெர்ஷன் மாறிய பிறகு ஒரு ஆப் ஓடவில்லையென்றால் முக்கால்வாசி நேரம் ஆப்காரர்கள்தான் பின்தங்கியிருப்பார்கள். ரீசெட் கடைசி ஆயுதமாக இருக்கட்டும். பேட்டரி சீக்கிரம் இறங்குகிறது, சூடாகிறது என்பதற்கும் உடனே பயப்பட வேண்டாம், உள்ளே ஆப்புகளைத் திரும்பத் தயார் செய்யும் வேலை சில நாள் ஓடும், ஒரு வாரம் பார்த்த பிறகும் அப்படியே இருந்தால் கேளுங்கள்.

அந்த இடைப்பட்ட நாட்களில் சிம்மைப் பழைய போனில் போட்டுச் சமாளிக்கலாம் என்று பார்த்ததில் இன்னொரு பாடம் கிடைத்தது. போன் மாறினால் யுபிஐ புதிதாகப் பதிய வேண்டும், பதிந்தால் எனக்கு முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய்க்கு மேல் போகவில்லை. மோசடிக்குத் தடையாக வைத்திருப்பது, சரிதான், ஆனால் 5,000 ரூபாய்க்கு மல்லி எத்தனை கிலோ வரும்? இப்போது பழைய போனில் வேறொரு வங்கிக் கணக்கை, வேறொரு சிம்மோடு, நிரந்தரமாகப் பதிந்தே வைத்திருக்கிறேன். *99# என்று டயல் செய்து நெட் இல்லாமலே யுபிஐ அனுப்பலாம், அதிலும் ஒரு தடவைக்கு 5,000தான், இருந்தாலும் பஸ் பார்சலுக்கு ஆகும். அதுபோக வீட்டில் ரொக்கம், எவ்வளவு என்று சொல்ல மாட்டேன்.

இனி புதுப் போன் வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது கடைப் பையன் சொன்னதும் இல்லை, மருமகன் சொன்னதும் இல்லை. பெரிய வெர்ஷன் போடுவதென்றால் வாங்கிய அன்றைக்கே, பழைய போனிலிருந்து எதையும் மாற்றுவதற்கு முன்னால் போட்டுவிடுங்கள். போனில் உங்கள் பொருள் எதுவும் இல்லை, போனால் போகட்டும். கோடு விழுந்தாலும் வைஃபை எடுக்காவிட்டாலும் கடையில் மாற்றிக் கேட்கிற கெடு இன்னும் முடிந்திருக்காது, அந்தக் கெடு எத்தனை நாள் என்பதை பில் போடும்போதே கேட்டு எழுதி வாங்குங்கள். அன்றைக்குப் போடவில்லையா, பேங்க் ஆப்பெல்லாம் ஏறிவிட்டதா, அப்படியானால் அவசரமே இல்லை, ஒரு மாதம், ஒன்றரை மாதம் மற்றவர்கள் போட்டு அடிபடட்டும். கம்பெனிகளே எல்லாருக்கும் ஒரே நாளில் அனுப்புவதில்லை, கொஞ்சம் பேருக்கு அனுப்பிப் பார்த்துத்தான் மிச்சம் பேருக்கு விடுகிறார்கள். அந்தக் கொஞ்சம் பேரில் நாம் ஏன் இருக்க வேண்டும்? ஆனால் இந்தப் பொறுமை வெர்ஷன் மாற்றத்துக்கு மட்டும். மாதாந்திர செக்யூரிட்டி திருத்தம் வேறு. போனின் 'அபௌட்' பக்கத்தில் செக்யூரிட்டி பேட்ச் என்று ஒரு தேதி இருக்கும், அது நாலைந்து மாதம் பின்தங்கியிருந்தால் நல்லதில்லை. எது எது என்று அளவை வைத்தே ஓரளவு தெரிந்துவிடும், திருத்தம் சில நூறு எம்பிக்குள் இருக்கும், வெர்ஷன் மாற்றம் சாதாரணமாக ஜிபி கணக்கில் வரும். எனக்கு வந்தது மூன்று ஜிபிக்கு மேல், தினம் ரெண்டு ஜிபி பேக் போட்டிருக்கிறவனுக்கு அதுவே தனிச் செலவு.

போடுவதற்கு முந்தி நான் இப்போது ஒரு காரியம் செய்கிறேன். பிளே ஸ்டோரில் என் பேங்க் ஆப்பின் பக்கத்துக்குப் போய் ரிவ்யூக்களைப் புதியது முதலில் என்று வரிசைப்படுத்திப் பார்ப்பேன். புது வெர்ஷனில் ஆப் படுத்துவிட்டால் நாலு பேர் அங்கே வயிற்றெரிச்சலைக் கொட்டியிருப்பார்கள். யூடியூப்காரர்கள் கேமராவையும் கலரையும் பேசுவார்கள், பேங்க் ஆப் திறக்கிறதா என்று ஒருத்தர் சொல்ல மாட்டார். வாட்ஸ்அப் பேக்கப்பைக் கையாலேயே ஒரு தடவை எடுத்துவிடுவேன், அது இப்போது கூகுள் கணக்கில் இலவசமாகக் கிடைக்கிற 15 ஜிபிக்குள் சேர்கிறது என்பதால், இடம் நிறைந்து பல நாளாக பேக்கப் ஆகாமலே இருக்கக்கூடும், கடைசியாக எடுத்த தேதியைப் பாருங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இலும் சொல்லிப் பார்த்தேன். கம்பெனியிலிருந்து கூப்பிட்டு வருத்தம் தெரிவித்தார்கள், பணம் வரவில்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வியாபாரத்துக்கு வாங்கியதென்றாலும் சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டும் என்றால் சட்டத்தில் இடமும் இருக்கிறது. ஆனால் 12,500 ரூபாய்க்காக முகூர்த்த நாளில் வாய்தாவுக்குப் போய் நிற்க எனக்குத் தெம்பில்லை.

அதற்கப்புறம் வந்த செக்யூரிட்டி திருத்தத்தை ஆடி மாதம் ஒரு அஷ்டமியாகப் பார்த்து, மார்க்கெட் முடிந்து சாப்பிட்ட பிறகு போட்டேன். நல்ல காரியம் எதற்கும் ஆகாத நாள் என்று ஊரே ஒதுக்கி வைத்திருக்கிற நாளில் எனக்கு ஒரு போன் கால் கூட வராது, இதைவிட நல்ல நேரம் எது? அன்றைக்கு மின்தடை அறிவிப்பு இருக்கிறதா என்று பேப்பரையும் பார்த்துக்கொண்டேன். ஒரு தொந்தரவும் இல்லை. இப்போது ஆண்ட்ராய்டு 16 வந்திருக்கிறது என்று தினமும் கேட்கிறது. பேங்க் ஆப் பக்கத்தில் நேற்றுப் பார்த்தேன், திறக்கவில்லை என்று இன்னும் ரெண்டு பேர் புலம்பியிருக்கிறார்கள். ஆவணி முகூர்த்தம் வேறு ஓடுகிறது. புரட்டாசியில் பார்த்துக்கொள்ளலாம்.